நமக்கு நாமே வட்டிக்காரரா?

சங்கப் பேரேட்டில் அசலுக்கு ஒரு பத்தி உண்டு. வட்டிக்கு ஒன்று, தவணைக்கு ஒன்று, பாக்கிக்கு ஒன்று உண்டு. அங்கத்தினரின் மனக்கவலைக்கு மட்டும் பத்தி கிடையாது. ஆயினும் பாக்கி விழுமுன்பே கவலை விழுந்துவிடுகிறது என்பதை, சங்கங்களைப் பார்வையிடும் அலுவலில் உள்ள எவரும் அறிவர். அதைப் பற்றியும் நம் ஏட்டில் இரண்டு வார்த்தை எழுதுவது தகும்.

நூல் விலை ஏறுகிறது. கூலி வரத் தாமதமாகிறது. கதிர் முற்றும் வேளையில் மழை பெய்கிறது. இவை அன்றாடக் கவலைகள். அபாயம் கண்டவுடன் நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்வதும் தசைகள் இறுகுவதும் உடலின் இயல்பு. வரப்பில் பாம்பைக் கண்டால் அவ்வியல்பு நம்மைக் காக்கும். பாம்பு மறைந்ததும் உடல் தணியும். தவணைத் தேதியோ பாம்பைப் போல் புதருக்குள் மறைந்துவிடுவதில்லை. எனவே உடலும் தணிவதில்லை. தூக்கம் கெடுகிறது, கழுத்தும் தோளும் கடுக்கின்றன, பசி குறைகிறது, குழந்தைகள்மீது காரணமின்றிச் சீறுகிறோம், சங்கம் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியே நடக்கிறோம். இவற்றுள் இரண்டொன்று தோன்றினாலும், கவலை மிகுந்துவிட்டதென்று நமக்குள் ஒப்புக்கொள்வதே முதற்படி.

அடுத்த படியில்தான் பலரும் இடறுகிறோம். மழைக்காலத்தில் பக்கத்து வீட்டாரின் குழித்தறியில் பாவு ஈரம் கோத்து இழை அறுந்தால், "போகட்டும் அண்ணே, எவர் தறியிலும் நேர்வதுதானே" என்கிறோம். அதுவே நம் தறியில் நேர்ந்தால், "நீ எதற்கும் உதவாதவன்" என்று நம்மையே ஏசிக்கொள்கிறோம். மகாசபையில் ஒருவர் மற்றோர் அங்கத்தினரை அவ்விதம் ஏசினால் பொறுப்போமா? கடும் வட்டியிலிருந்து விவசாயிகளை மீட்கவே 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கமும் தோன்றியது. வெளியிலிருந்த வட்டிக்காரரை விலக்க முனைந்த நாம், மனத்துக்குள் ஒருவரை அமர்த்திக்கொள்வது முறையாகுமா?

தன்னிடம் பரிவு காட்டினால் சோம்பல் வளரும் என்று சிலர் அஞ்சுவர். உண்மை அதற்கு மாறானது. தன்னை ஏசிக்கொள்பவர் வெட்கத்தால் ஒளிகிறார். ஒளிபவருக்கு அபராத வட்டி ஏறுகிறது. முடிவில் கந்துவட்டிக்காரர் வாசலுக்கே போகிறார். தவற்றுக்குப் பின் தம்மிடம் பரிவு கொண்டவர்கள், தம்மைத் திருத்திக்கொள்வதில் கூடுதல் முனைப்புக் காட்டினர் என்று 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகிறது. இப்பரிவுக்கு மூன்று கூறுகள் உண்டென்று கிறிஸ்டின் நெஃப் என்னும் உளவியல் அறிஞர் 2003இல் எழுதினார்: துன்பத்தை மறைக்காமலும் பெருக்காமலும் காணுதல், இது எல்லோருக்கும் நேர்வதென உணர்தல், தன்னிடம் அன்பாகப் பேசுதல். இரண்டாவது கூறு கூட்டுறவின் அடிப்படையே அல்லவா?

இழை அறுந்தால் நெசவாளர் தறியை வைவதில்லை. நிறுத்தி, முனையைத் தேடி, முடிச்சிட்டு மேலே நெய்கிறார். நெல்லறுத்த நிலத்தில் உளுந்து விதைத்து மண்ணைத் தேற்றுகிறார் விவசாயி. அந்த நிதானம் நமக்கும் வேண்டும். சற்று நிறுத்தி மூச்சை நிதானமாக விடுக. அண்டை வீட்டாருக்குச் சொல்லும் ஆறுதலைத் தமக்கும் சொல்லுக. பிறகு தவணைத் தேதிக்கு முன்பே காரியதரிசியிடம் நிலைமையைக் கூறுக. இயற்கைச் சேதம் அறிவிக்கப்பட்ட இடங்களில் பயிர்க் கடனை மத்தியகாலக் கடனாக மாற்ற விதி உண்டு. கேளாதவருக்கு அது பயன்படாது.

பரிவு கூலியை உயர்த்தாது. நூல் விலையைக் குறைக்காது. அவற்றுக்காகச் சங்கம் போராடியே தீரவேண்டும். உறக்கமின்மை நீடித்தாலோ, உயிரே வேண்டாமென்று தோன்றினாலோ, ஒருவரும் தனித்திருத்தல் கூடாது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். பாக்கிப் பட்டியலைப் படிக்கும்போது குரலில் கடுமை வேண்டாம். நம்பி வந்து சொல்லும் அங்கத்தினரே சங்கத்தின் உண்மையான மூலதனம்.