‘வீட்டில்தானே இருக்கிறாள்!’

வேலையை விட்டு வீட்டிலிருக்கும் இளம்தாய்க்கு இந்திய நடுத்தர வர்க்கம் ஓர் இலவச ஆலோசனையை எப்போதும் தயாராக வைத்திருக்கிறது. ‘சும்மாதானே இருக்கிறாய், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் நாலைந்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாமே!’ முதலீடு வேண்டாம், பட்டம் வேண்டாம், வெயிலில் அலைய வேண்டாம். சொந்தப் பிள்ளைக்கும் விளையாட்டுத் துணை ஆயிற்று. தையல், ஊறுகாய், டியூஷன் என நீளும் சுயதொழில் பட்டியலில் பிள்ளை பார்ப்பதும் இப்படித்தான் இடம்பிடித்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் எவரும் இரண்டு வயதுக் குழந்தைகள் நால்வரோடு ஒரு முழுப் பகலைக் கழித்தவர்களாகத் தெரியவில்லை.

மகாராஷ்டிரத்தில் இத்தொழிலுக்குத் தனிப்பெயரே உண்டு: பாளணாகர். தொட்டில் வீடு என்பது பொருள். மும்பை, தாணே, டோம்பிவிலி, புனே ஆகிய நகரங்களின் சால்களிலும் அடுக்ககங்களிலும் ஒரு பெண் தன் முன்னறையைக் காலிசெய்து, பாய் விரித்து, பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வங்கிகளிலும் ஆயுள் காப்பீட்டு அலுவலகங்களிலும் அரசுச் செயலகத்திலும் பணிபுரிந்த மராத்தியப் பெண்களில் எத்தனையோ பேர் பிள்ளையைப் பாளணாகரில் விட்டுவிட்டுத்தான் மின்ரயிலைப் பிடித்தார்கள். அப்பெண்கள் வேலைக்குப் போனதைப் பற்றி ஆய்வேடுகள் உண்டு. பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய பெண்ணைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

காலை ஏழரைக்கு அழைப்புமணி ஒலிக்கும். அழும் குழந்தை, அதைவிடப் பதற்றத்திலிருக்கும் தாய், ஒரு பை: மாற்றுடை, டயப்பர், பால் புட்டி, டப்பாவில் பருப்புச் சோறு. ஒன்பது மணிக்குள் நால்வர் சேர்ந்துவிடுவர். ஒன்று உறங்கும்போது மற்றொன்று விழிக்கும். ஒன்றுக்கு இருமல் வந்தால் மூன்றாம் நாள் எல்லாவற்றுக்கும் இருமல். ஒன்றரை வயதில் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும்: வேர்க்கடலை, நாணயம், பொத்தான் அளவிலான மின்கலம். குளியலறையில் நிறைத்துவைத்த வாளி, சமையலறை எரிவாயு அடுப்பு, பால்கனிக் கம்பி என அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் பகல் முழுவதும் கண்காணிப்புக்கு உரியது. பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களை வகுத்தது. செங்கீரை, சப்பாணி, அம்புலி என்ற அப்பெயர்களுள் எதுவும் துணி மாற்றுகிற கையைக் குறிப்பதில்லை. கழிப்பறைக் கதவைத் தாழிட்டு இரண்டு நிமிடம் தனித்திருக்கக்கூட இயலாத பணி இது. இதைத்தான் ‘சும்மா’ என்கிறார்கள்.

‘முதலீடு வேண்டாம்’ என்பதும் அதே அளவுக்குப் பொய். வீடே முதலீடு. வாடகை அவருடையது, தண்ணீரும் மின்சாரமும் அவருடையவை, கிறுக்கப்பட்ட சுவரும் நனைந்த மெத்தையும் அவருடையவை. கீழ்வீட்டார் இரைச்சல் என்று முறையிட்டால் வீட்டுவசதிச் சங்கத்தின் முன் நிற்பவரும் அவரே. தீபாவளிக்கும் மே மாத விடுமுறைக்கும் ஊருக்குப் போகும் பெற்றோர் அம்மாதக் கட்டணத்தைப் பாதியாக்குவார்கள், அல்லது மறந்துபோவார்கள், வாடகை மறந்துபோகாது. தாயின் மடியை இனி நான்கு பேரோடு பகிர வேண்டிய சொந்தப் பிள்ளையின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நிறுவனம் நடத்துகிற காப்பகம் கட்டடத்துக்கும் உதவியாளருக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் செலவிட்டாக வேண்டும். பாளணாகர் மலிவாக இருப்பதற்குக் காரணம், அச்செலவு அனைத்தையும் ஒரு குடும்பம் ஓசையின்றி ஏற்றுக்கொள்வதுதான்.

இந்தப் பெண் யார்? சட்டத்திடம் கேட்டால் விடை கிடைக்காது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை (2011) வீட்டுவேலைத் தொழிலாளரைப் பற்றியது. அவர் பிறர் குடும்பத்தில் பணிக்கு அமர்த்தப்பட்டவர். 177ஆம் உடன்படிக்கை (1996) தன் வீட்டிலிருந்தே வேலை செய்பவரைப் பற்றியது. ஆனால் அங்கே வேலை இன்னதென்று வரையறுக்கும் ஒரு முதலாளி இருக்க வேண்டும். தன் வீட்டில் பல குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்ப்பவர் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விழுகிறார். இடுக்கு என்றும் சொல்வதற்கில்லை: இரண்டில் எதையும் இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை.

புள்ளியியலிடம் கேட்டால் நிலைமை இன்னும் விந்தையானது. தேசியக் கணக்கியல் மரபில் ஒரு பெண் தன் குழந்தைக்குச் சோறூட்டுவது உற்பத்தி எல்லைக்கு வெளியே. அதே கையால் கூலிக்கு அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஊட்டினால் உற்பத்தி. வீட்டுப் பணியாளரை மணந்துகொண்டால் தேசிய வருமானம் குறையும் என்று பிகூ சுட்டிக்காட்டிய முரணின் மறுபக்கம் இது. ஏட்டளவில் பாளணாகர் பெண் எண்ணப்பட வேண்டியவர்தான். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் அவருக்கு உரிய குறியீடு 11, அதாவது சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர். ஆனால் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது வீட்டுத் தலைவர் ‘அவள் வீட்டில்தானே இருக்கிறாள்’ என்று சொன்னால் போதும். 92 என்று எழுதப்படும். வீட்டுக்கடமைகளில் மட்டும் ஈடுபட்டவர் என்பது அதன் பொருள். 2019ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். இந்த எண்களைக் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டாத பொருளியல் துறை இல்லை. கூலி பெற்றும் ஊதியமற்றவராகப் பதிவாகும் பெண்ணைக் குறித்த கேள்வி அங்கே எழுவது அரிது.

அரசுக்கு இது உழைப்பு என்று தெரியாமலில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் அல்லது அதற்கு மேல் வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமித்து, அவருக்கும் கூலி தரவேண்டும் என்றது. மண் வெட்டுவதும் பிள்ளை பார்ப்பதும் ஒரே கூலிக்குரிய வேலைகள் என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. நடைமுறையில் அவ்விதி எத்தனை குளக்கரைகளை எட்டியது என்பது வேறு கதை. நகரத்துக்கு வந்ததும் இந்த அறிவு அரசைவிட்டு அகன்றுவிடுகிறது. 2022 முதல் தேசியக் காப்பகத் திட்டத்துக்கு ‘பால்னா’, அதாவது தொட்டில், என்று பெயர். பாளணாகரில் இருக்கும் அதே சொல். பெயர் வந்தது, பாளணாகர் பெண்கள் திட்டத்துக்குள் வரவில்லை. அங்கன்வாடிகளோ பெரும்பாலும் மதியத்தோடு மூடப்படுகின்றன. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அவை தருவது முக்கியமாக வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துணவு. எட்டு மணிநேரம் வேலைக்குப் போகும் தாய்க்கு அதனால் என்ன பயன்?

இதில் சாதியைப் பேசாமல் விட்டால் பாதி உண்மை மறைந்துவிடும். பிள்ளையை விட இடம் தேடும் பெற்றோரின் முதல் கேள்வி ‘வீடு எப்படி?’ என்பது. சுத்தம், சைவம், நல்ல பேச்சு என்று அடுக்கப்படும் விடைகளின் அடியில் இருப்பது எந்தச் சாதி, எந்த மதம் என்ற விசாரணை. ஆகவே தன் வீட்டிலிருந்து பாளணாகர் நடத்தும் வாய்ப்பு பெரும்பாலும் இடைநிலை, மேல்சாதிப் பெண்களுக்கே வாய்க்கிறது. தலித் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் பிறர் வீட்டுக்குள் ஆயாவாக நுழையலாம். அவர்கள் வீட்டுக்கு அக்குழந்தை வராது. அவ்வாறு வேலைக்குப் போனவரின் கைக்குழந்தையைப் பார்ப்பவள் யார்? பள்ளிக்குப் போகாமல் நிறுத்தப்பட்ட அக்காள். இந்தியாவின் மிகப் பழைய, மிகப் பெரிய குழந்தைக் காப்பகம் அவள்தான். 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் கட்டுமானத் தளத்திலேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கியபோது அவர் கண்ணில் பட்டவை புழுதியில் கிடந்த தொழிலாளர் குழந்தைகள். ‘மொபைல் கிரஷஸ்’ அங்கிருந்து பிறந்தது. ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்று ஆலோசனை சொல்பவர்களின் கண் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கர் பகுதியில் ஒரு காப்பகப் பணியாளர் பச்சிளம் குழந்தையை அடித்த காட்சி கேமராவில் பதிவாகி நாட்டையே உலுக்கியது. சினம் நியாயமானது. அதன் பிறகு எழுந்த கோரிக்கைகளில் முதலில் நின்றது கேமரா. ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கலாம், எத்தனை மணிநேரம் பார்க்கலாம், அவருக்குப் பயிற்சி தந்தது யார், இடையில் மாற்றிவிட ஆள் உண்டா என்ற கேள்விகள் பின்வரிசைக்குப் போயின. முழுப் பகலும் இளைப்பாறாத ஒருவரைப் படம்பிடிப்பதால் குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அடி விழுந்த பிறகான சாட்சியம் மட்டுமே.

பதிவும் ஒழுங்குமுறையும் வந்தால் ஏழைப் பெண்ணின் பிழைப்பில் மண் விழும், லஞ்சம் பெருகும் என்பார்கள். சோதனையாளரை மட்டும் அனுப்புகிற பதிவு அப்படித்தான் முடியும். பிரான்சில் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் அரசின் ஒப்புதல் பெற வேண்டும், பயிற்சியும் பெற வேண்டும். பதிலுக்கு அவருக்குத் தொழிலாளர் உரிமைகள் உண்டு. அது பணக்கார நாடு என்று தட்டிக்கழிப்பவர்கள் கொலம்பியாவைப் பார்க்கலாம். 1980களில் அங்கே ஏழைக் குடியிருப்புகளில் பெண்கள் தம் வீடுகளிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்க்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. ‘சமூகத் தாய்மார்’ என்று அவர்களுக்குப் பெயரிட்டு, தாய்மைக்கு எதற்குச் சம்பளம் என்ற பாணியில் உதவித்தொகையோடு நிறுத்தியது. நெடிய போராட்டத்துக்குப் பின் 2014இல்தான் முறையான தொழில் ஒப்பந்தம் கிட்டியது. அப்போதும் அரசின் நேரடி ஊழியர் என்ற தகுதி கிட்டவில்லை. அங்கன்வாடிப் பணியாளரை ‘மதிப்பூதியத் தொண்டர்’ என்று அழைத்து, 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை பணிக்கொடைக்கு உரியவர் என்றே ஒப்புக்கொள்ளாத நாட்டுக்கு இந்தக் கதை அந்நியமானதன்று.

வீட்டில் பிள்ளை பார்ப்பதே சுரண்டல், பொதுக் காப்பகமே தீர்வு என்று கூறும் முற்போக்காளர்களும் பல்கலைக்கழகங்களில் உண்டு. கோரிக்கை சரியானது. ஆனால் அக்கோரிக்கையை முழங்குகிற வளாகங்களின் நிலை என்ன? 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுப் பயன் சட்டம் 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது. ஆய்வு மாணவி அச்சட்டத்தின் கண்ணில் பணியாளர் அல்லர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறைகள் அவருக்கு ஆய்வுக் காலத்தில் ஒருமுறை 240 நாள்வரை விடுப்பு அளித்தன. எட்டு மாதத்தில் குழந்தை தவழத் தொடங்கியிருக்கும். ஓர் ஆள் கண்ணிமைக்காமல் உடனிருக்க வேண்டிய காலம் அப்போதுதான் ஆரம்பம். விடுப்பு முடிந்து அவர் நூலகத்துக்குத் திரும்பும் நாளில் வளாகத்துக்கு வெளியே ஒரு முன்னறையில் பாய் விரிக்கப்படுகிறது.

2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதிலிருந்து அந்த முன்னறைக்குக் கட்டணம் போகிறது. பேரம் பேசப்பட்ட கட்டணம். இதரச் செலவு நிதியில் நூல் வாங்கலாம், அச்சிடலாம், களப்பணிக்குப் பயணம் போகலாம். களப்பணி நாள்களில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்த பணத்துக்கு அங்கே இடமில்லை. பராமரிப்பு உழைப்பைப் பற்றிய ஆய்வேடாக இருந்தாலும் விதி அதுவே. நெறியாளருக்கும் நூலகருக்கும் நண்பர்களுக்கும் பெயர் சுட்டி நன்றி சொல்லும் பக்கத்தில் அப்பெண்ணும் சில வேளைகளில் இடம்பெறுவதுண்டு, ‘பக்கத்து வீட்டு ஆன்ட்டி’ என்று.