முற்றம் இல்லாத வீடுகள்

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும்தானா? பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுனுகங்கைத் தோட்டத்தைப் பார்த்து வந்ததிலிருந்து இக்கேள்வி என்னை விடவில்லை.

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் வாங்கியபோது அது ஒரு பழைய இறப்பர் தோட்டம். அதற்கும் முன்னர் கறுவா விளைந்த நிலம். இறப்பர் மரங்களை அகற்றித் தெத்துவ வாவியை வீட்டுக்குக் காட்டினார். அரலிய மரக்கிளைகளில் பாரம் கட்டி, அவற்றைத் தாழப் படர வைத்தார். காணியின் நடுவே செல்லும் பாதையைக் கூட வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாதபடி பள்ளத்தில் மறைத்தார். 2003இல் அவர் மறைந்த பின்பும் அத்தோட்டம் பராமரிக்கப்பட்டு வருகிறது.

ஆனால், என்னை அதிகம் சிந்திக்க வைத்தது அங்கு மீளக் கட்டப்பட்டிருக்கும் ஒரு வீடுதான். பற்றிக் கலைஞர் எனா த சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் பாவா கொழும்பில் கட்டியது அது. 2009இல் அக்காணி கைமாறியபோது, வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி இங்கு கொண்டுவந்து மீண்டும் எழுப்பினார்கள். அதன் நடுவே அகன்ற முற்றம், சுற்றிவர அறைகள். வெளியே உயர்ந்த மதில், உள்ளே திறந்த வானம்.

நம் பழைய வீடுகளிலும் இது இருந்தது. தெருப் பார்வை படாமல் பெண்கள் காற்று வாங்கவும், நெல் காயப்போடவும், நிலவில் கதை பேசவும் உள்முற்றம் இடம் தந்தது. இன்று மகளுக்கு வீடு கட்டும்போது பத்துப் பேர்ச்சையும் எல்லை வரை கொங்கிறீட்டால் நிரப்பிவிடுகிறோம். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவளுக்கு வானம் பார்க்க மொட்டைமாடியும் இல்லை, முற்றமும் இல்லை.

"முற்றம் வெச்சா யாரு கூட்டுற?" என்று உம்மா கேட்டார். நியாயமான கேள்வி. விளக்குமாற்றைப் பெண் கையில் மட்டும் கொடுத்துப் பழகியதால் வந்த கேள்வி அது. வீட்டு ஆண்பிள்ளைகளும் கூட்டலாம். காணி சிறிது என்பதும் உண்மைதான். ஆனால் எனா த சில்வாவின் வீடும் பரந்த தோட்டத்துக்காக வரையப்பட்டதல்ல. நகரத்துக் காணிக்காக வரையப்பட்டது. பத்தடிச் சதுரம் திறந்திருந்தாலே வெளிச்சம் வரும், மழைநீர் மண்ணுக்குள் இறங்கும், ஒரு மாதுளை காய்க்கும்.

பெற்றோரே, அடுத்த வீட்டுக்கு வரைபடம் கீறும்போது மேசன் பாஸிடம் பேசுமுன், அதில் வாழப்போகும் மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். தோழியரே, கேட்கும்வரை காத்திராமல் நீங்களும் சொல்லுங்கள்.