கிறீஸ் பூதமும் மீரியபெத்தை மலையும்

பிள்ளைகளை அச்சுறுத்தும் கூத்துகளையும் கதைகளையும் ஒழித்துவிட வேண்டுமென்று படித்த நண்பர்கள் சிலர் என்னிடம் வாதாடுவதுண்டு. பேயும் பூதமும் பிஞ்சு நெஞ்சைக் கெடுக்குமாம். எமனையும் வீரபத்திரனையும் கண்டு நடுங்கிய பிள்ளை வளர்ந்த பின்னும் நடுங்கிக்கொண்டே இருக்குமாம். அவர்களது நோக்கம் நல்லதே. ஆனால் நம் மக்கள் எதற்கு அஞ்சினார்கள், எதற்கு அஞ்சாதிருந்தார்கள் என்ற கணக்கை எடுத்துப் பார்க்காமல் இப்படித் தீர்ப்புக் கூறலாமா? அந்தக் கணக்கை எடுப்பதற்குக் கொஸ்லந்தயைவிடப் பொருத்தமான இடம் இந்நாட்டிலே இல்லை.

முதலில் கூத்தைப் பற்றிக் கூறிவிடுகிறேன். மாசி வளர்பிறையில் தோட்டத்திலே காமன் ஊன்றுவார்கள். ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வரும்வரை பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். அப்பால் தப்பின் அடி மாறும். சிவனின் சினம் வீரபத்திரனாக எழுந்து வரும். சிவந்த முகம், கோரப்பல், கையிலே வாள். இடுப்பிற் கயிறு கட்டி நாலுபேர் பின்னால் இழுத்துப் பிடித்தும் அடங்காத துள்ளல். அதன் பிறகு எமன் வருவான், கரிய மேனியும் பாசக்கயிறுமாக. அப்போது எனக்கு ஆறு வயதிருக்கும். அம்மாயியின் சேலைக்குள்ளே முகத்தைப் புதைத்துக்கொண்டு, “போயிட்டானா, போயிட்டானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாயி சிரித்தாளே தவிர, என்னை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பிரட்டுக்களத்திலே எமன் நின்றான். தோளிலே கவ்வாத்துக் கத்தி. காதோரத்தில் கழுவியும் போகாத கரி. என்னைக் கண்டதும் கண்ணைச் சிமிட்டினார். எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்து மாமாதான் அவர்! அன்று என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை நான் இன்றளவும் மறக்கவில்லை.

கூத்து தரும் அச்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. தப்பு முன்னறிவித்து அழைத்து வரும். ஊரே சுற்றி நிற்கும். சாய்ந்துகொள்ள ஒரு மடி இருக்கும். எரிந்த மதனும் மீண்டும் உயிர்பெறுவான். தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்களில் ஆடும் பதினெட்டுச் சன்னி ஆட்டத்திலும் இதே வழக்கம்தான். நோயைக் கொண்டுவரும் யக்கா பயங்கர முகமூடியோடு துள்ளி வரும். வந்த சற்று நேரத்திலே பறையடிப்பவரின் கேலிக்கு இலக்காகி, கூட்டமே சிரிக்க வெளியேறும். மொழி வேறு, சமயம் வேறு. ஆயினும் அச்சத்தைப் பலர் கூடியிருந்து பார்த்துத் தீர்த்துவிட வேண்டுமென்ற அறிவு இரு மக்களிடமும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. 1997, 98 ஆம் ஆண்டுகளில் சன் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘மர்ம தேசம்’ தொடரின் ‘விடாது கருப்பு’ எத்தனை பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுத்தது என்பதை இன்று நாற்பதை நெருங்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரவிலே குதிரைக் குளம்பொலி கேட்டால் போதும். கொல்வது காவல் தெய்வமா, தெய்வத்தின் பெயரால் மனிதரா என்பதே அந்தக் கதையின் கேள்வி. நம் தோட்டத்துப் பிள்ளைக்கு அது அந்நியமான கேள்வியன்று. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ரோதை முனி என்று பெயரிட்டுப் பூசை வைத்த பரம்பரை அல்லவா நாம்! அந்தத் தொடரையும் பத்துக் குடும்பம் ஒரு காம்பராவிலே நெருக்கியடித்து உட்கார்ந்துதான் பார்த்தோம். இன்றோ பிள்ளை போர்வைக்குள்ளே கைப்பேசியை வைத்துக்கொண்டு தன்னந்தனியே நடுங்குகிறது. நண்பர்கள் கவலைப்படுவதானால் அந்தத் தனிமையைப் பற்றிக் கவலைப்படட்டும்.

ஆனால் வேறோர் அச்சமும் நமக்கு ஊட்டப்பட்டது. அதற்குத் தப்பும் இல்லை, முடிவும் இல்லை. “பூச்சாண்டி வருகிறான்”, “பிள்ளை பிடிகாரன் வருகிறான்”, “துரை வருகிறார், வாயை மூடு”. பிள்ளையை அடக்குவதற்கென்றே பிறந்த அச்சம் இது. பூச்சாண்டி ஒருநாளும் வருவதில்லை. ஆகையால் அவன் காதோரத்துக் கரியை எவரும் பார்த்ததுமில்லை. இருட்டிலே முகமில்லாத ஒருவன் நிற்கிறான் என்ற எண்ணம் மட்டும் வளர்ந்தது. அந்த எண்ணத்துக்கு வரலாறும் எரு போட்டது. 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1964 இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு நம்மைப் பங்கு போட்டார்கள். 1977 இலும் 1983 இலும் இருட்டிலிருந்து உண்மையாகவே ஆட்கள் வந்தார்கள், தீப்பந்தங்களோடு. அதைக் கண்ட தலைமுறையிடம் போய், “பயப்படாதே, வெறும் வதந்தி” என்று சொன்னால் யார்தான் கேட்பார்கள்?

2011 ஆகஸ்ட் மாதத்தில் அந்த முகமில்லாதவனுக்கு ஒரு பெயர் கிடைத்தது: கிறீஸ் பூதம்! உடலெங்கும் கிறீஸ் பூசிக்கொண்டு வருமாம், பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுமாம், பெண்களைத் தாக்குமாம். பெண்கள் சிலர் தாக்கப்பட்டதாகப் புகார்களும் எழுந்தன. எது மெய், எது வதந்தி என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. மலைநாட்டிலிருந்து கிழக்குக்கும் வடக்குக்கும் பரவியது பீதி. நம் அண்டையிலேயே, ஹப்புத்தளைப் பகுதியில், கிறீஸ் பூதமென்று சந்தேகிக்கப்பட்ட இருவர் கூட்டத்தின் கையாற் கொல்லப்பட்டனர். புத்தளத்திலே பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்களுக்கும் படையினருக்கும் மோதல் மூண்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். தோட்டங்களில் ஆண்கள் தடியும் கத்தியும் பந்தமும் ஏந்தி இரவிரவாகக் காவல் இருந்தார்கள். அவர்களுள் நானும் ஒருவன். இதை மறைத்து என்ன பயன்? மூன்று இரவு கண் விழித்தோம். ஒரு பூனையைத் தவிர வேறெதையும் காணவில்லை.

கொல்லப்பட்ட இருவரையும் எண்ணும்போது இன்றும் நெஞ்சு கூசுகிறது. அங்கே எந்தக் கூத்தும் ஆடப்படவில்லை. எந்த வேடமும் கட்டப்படவில்லை. கழுவிப் பார்க்கக் கரியும் இல்லை.

இனி, அதே 2011 இல் நடந்த மற்றொன்றையும் கேளுங்கள். கொஸ்லந்தயை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவு அபாயத்தில் இருக்கின்றன, அங்குள்ளவர்கள் இடம்பெயர வேண்டும் என்று தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. 2005 இல் ஒருமுறை சொன்னதை அது மறுபடியும் சொன்னது. பூதத்துக்காகத் தூக்கம் கெட்ட நாங்கள், நாட்டையே உலுக்கிய பத்திரிகைகள், அறிக்கை விட்ட அமைச்சர்கள், இவர்களில் எத்தனை பேர் அந்த எச்சரிக்கைக்காக ஓர் இரவு கண் விழித்தார்கள்? கடதாசிக்குக் கோரப்பல் இல்லையே!

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. லயங்கள், கோயில், கடை எல்லாம் மண்ணுக்குள் போயின. பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகளுள் சிலர் திரும்பி வந்தபோது பெற்றோரும் இல்லை, வீடு நின்ற இடமும் இல்லை.

மக்கள் எச்சரிக்கையை மதிக்கவில்லை என்று அன்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். இதைவிடக் கொடிய பேச்சு வேறில்லை. எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் அரசாங்கத்துக்கும் கம்பனிக்கும் இடையே. சொந்தமாக ஒரு பேர்ச் மண்கூட இல்லாதவனைப் பார்த்து, “இந்த மண்ணை விட்டு ஓடு” என்று சொல்வது எச்சரிக்கையா, ஏளனமா? ஓட இடமில்லாதவன் அச்சத்தை விழுங்கிக்கொள்கிறான். அன்றாடம் அஞ்சிக்கொண்டே எவராலும் வாழ முடியாது. மகால்தெனியவில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தது 2016 இல்தான். முதல் எச்சரிக்கைக்கும் அந்த வீடுகளுக்கும் இடையிலே பதினோர் ஆண்டு. எத்தனையோ லயங்கள் இன்றும் அதேபோன்ற சரிவுகளின் அடியிலே நிற்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களிலே மலைகள் சரிந்து மீண்டும் உயிர்களைக் கொண்டு போயின.

ஆகவே பிள்ளைகளுக்கு அச்சமே வேண்டாம் என்று பேசும் நண்பர்களோடு நான் உடன்படேன். எமன் வரட்டும், வீரபத்திரன் கயிற்றை அறுத்துக்கொண்டு துள்ளட்டும். பூச்சாண்டியை மட்டும் விரட்டுங்கள். அவனோடு, மலையின் அடையாளங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: நிலத்திலே புதிதாக வெடிப்பு விழுந்தால், நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்த முடியாமல் இறுகினால், விளக்குக் கம்பமும் மரமும் சாய்ந்தால், தெளிந்த ஊற்று சேறாகக் கலங்கினால், அல்லது இருந்தாற்போல் நின்றுவிட்டால், பெரியவர்களை இழுத்துக்கொண்டு வெளியேற வேண்டுமென்று. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே புறப்பாடு என்பது ஒவ்வொரு லயத்துப் பிள்ளைக்கும் எமன் பெயரைப்போல் தெரிந்திருக்க வேண்டும். கமக்காரருக்கும் இது பொருந்தும். தூர்ந்த கானைத் துப்புரவாக்காமல் விட்டால் மழைநீர் சரிவுக்குள்ளேதான் இறங்கும். நள்ளிரவில் கைப்பேசிக்கு வரும் செய்தியை எத்தனை பேர் பார்ப்பார்கள்? ஒருகாலத்தில் நம்மை வேலைக்கு எழுப்பிய பிரட்டுத் தப்பு இருக்கிறதே, அதை உயிர் காக்கவும் அடிக்கலாமே.

இவையெல்லாம் நிலமும் வீடும் கிடைக்கும்வரைக்குமே. அவற்றைத் தர வேண்டியவர்கள் இந்தப் பட்டியலைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இடங்கொடுக்கக் கூடாது.

காமன் கூத்து ஆடும் எங்கள் தோட்டத்து இளைஞர்களிடம் போன மாதம் ஒரு யோசனை கூறினேன். வருகிற மாசியில் எமனுக்கு முன்னால் மலையும் ஒரு வேடமாக வரட்டுமே என்றேன். சிரித்தார்கள். அவர்களுள் மூத்தவன் மட்டும் சிரிக்கவில்லை. “அதுக்கு எப்படிங்க முகம் எழுதுறது?” என்று கேட்டான். நான் இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.