மேலே போடாதீர்கள், பக்கத்தில் வையுங்கள்

போன டிசம்பரில் பேத்தி பாஸ்டனிலிருந்து வந்திருந்தாள். ஆயாவின் 70-ஆவது பிறந்த நாளுக்குத் தானே ஆப்பிள் பை செய்யப் போவதாகச் சொல்லி, காலையிலேயே அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் வீடு பூராவும் வெண்ணெயும் பட்டையும் மணத்தது. பெரிய வட்டத் தட்டில், மேலும் கீழும் மாவு மூடி, பொன்னிறமாக வந்தது பை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

எட்டுத் துண்டு போட்டாள். ஒவ்வொரு துண்டின் தலையிலும், யாரையும் கேட்காமல், ஒரு பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் வைத்து நீட்டினாள். என் சம்சாரத்துக்குச் சர்க்கரை வியாதி வந்து 18 வருடம் ஆகிறது. தட்டைப் பார்த்தாள். "எனக்கு அப்புறம்டி கண்ணு" என்று தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, எல்லோருக்கும் காபி போட எழுந்து போனாள். பிள்ளைக்கு வருத்தம் வரக்கூடாது என்று சிரித்துக்கொண்டேதான் போனாள். அப்புறமும் அவள் சாப்பிடவில்லை என்பது ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்த நாள்காரிக்கே பலகாரம் இல்லை.

அதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை இன்று எழுதிவிடுகிறேன். ஆப்பிள் பை நல்ல பண்டம்தான். அதோடு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கை. பைக்கு மேல் ஐஸ்கிரீம் வைத்தால் அமெரிக்காவில் அதற்கு 'அ லா மோத்' என்று பெயராம். பேத்தி சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'அ லா மோத்' என்றால் நாகரிகப்படி, இன்றைய மோஸ்தர்ப்படி என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரான்சில் அந்தப் பெயரில் ஒரு மாட்டிறைச்சிக் குழம்பு உண்டு. ஐஸ்கிரீமுக்கும் அந்தச் சொல்லுக்கும் அங்கே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆப்பிள் பண்டத்தோடு எது சேரும் என்று நான் கற்றுக்கொண்டது என் அக்காவிடம். அவளைக் கட்டிய மாமா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, ஓய்வூதியம் வாங்கி, பாரீசுக்கு வடக்கே சார்செல்லில் குடியேறியவர். புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் அங்கே போய் ஒரு மாதம் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா ஆப்பிள் தார்த் செய்வாள். மாடி வீட்டில் இருந்த நார்மாந்திக் கிழவி ஒருத்தி கற்றுக் கொடுத்ததாம். நார்மாந்தி என்றால் ஆப்பிளும் பசுவும் நிறைந்த சீமை. சிதர் என்ற ஆப்பிள் மதுவும், காமம்பேர் பாலாடைக் கட்டியும் அங்கிருந்து வந்தவைதான்.

பிரெஞ்சுக்காரர்களின் தார்த்துக்கு மேல் மூடி கிடையாது. 200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர். அதைத் தட்டில் பரப்பி, மெல்லிசாக நறுக்கிய ஆப்பிளை வட்டமாக அடுக்கிச் சுடுவார்கள். பட்டை போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆப்பிள் ஆப்பிளாகவே ருசிக்கும்.

அக்கா தார்த்தை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்டேன். புளிப்பு.

"என்னக்கா, தயிரா?"

"தயிருக்குத் தூரத்துச் சொந்தம்டா. கிரேம் பிரேஷ். பாலேட்டைப் புளிக்க வைக்கிறது. கொஞ்சமா தொட்டுக்க, கொட்டிக்காத."

"ஐஸ்கிரீம் இல்லையா?"

"இனிப்புக்கு இனிப்பா? பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு நம்ம அம்மா சொஜ்ஜியோட ஜாங்கிரியா வச்சாங்க?"

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. சொஜ்ஜிக்குப் பக்கத்தில் பஜ்ஜி என்று நம் பெரியவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள். இனிப்பு, காரம், காபி என்ற வரிசையும் அப்படித்தான். இனிப்பை எடுத்துக்காட்டுவது இன்னொரு இனிப்பு அல்ல. புளிப்போ உப்போ கசப்போதான். கிரேம் பிரேஷின் புளிப்பு நாக்கில் பட்டதும் அடுத்த வாய் ஆப்பிள் புதிதாக இனித்தது. அக்கா போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்த ருசி போகவில்லை.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர்க்காரர்களும் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆப்பிள் பையோடு வென்ஸ்லிடேல் என்ற பாலாடைக் கட்டியைக் கடித்துக்கொள்வார்கள். மற்ற இடங்களில் சூடான கஸ்டர்டு ஊற்றுவார்கள். கஸ்டர்டு பவுடர் நம் வீடுகளிலும் புழங்கிய சமாச்சாரம்தான். அது பிறந்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்? பர்மிங்காம் நகரத்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்றொரு மருந்துக் கடைக்காரர். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. கஸ்டர்டோ முட்டையில்தான் செய்வார்கள். மனைவியும் சாப்பிட வேண்டுமே என்று 1837-இல் சோள மாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்டு செய்தார். 'உனக்கு ஆகாது, நீ ஒதுங்கிக்கொள்' என்று அந்த மனிதர் சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. 18 வருடமாக என் வீட்டில் அவள் ஒதுங்கிக்கொண்டுதானே இருக்கிறாள்?

இனி சட்டத்துக்கு வருகிறேன். குமாஸ்தா புத்தி எங்கே போகும்? "தாத்தா, எங்க ஊருக்குப் பக்கத்துல இதுக்குச் சட்டமே இருக்கு" என்றாள் பேத்தி. நான் நம்பவில்லை. போனில் எடுத்துக் காட்டினாள். உண்மைதான். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் 1999-இல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பையாக அறிவித்தது. அதோடு விடாமல், பை பரிமாறும்போது மூன்றில் ஒன்றையாவது சேர்த்துக் கொடுக்க நல்லெண்ணத்தோடு முயற்சி செய்ய வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறது. ஒன்று, குளிர்ந்த பால் ஒரு டம்ளர். இரண்டு, அரை அவுன்சுக்குக் குறையாத செடார் பாலாடைக் கட்டி, அதாவது சுமார் 14 கிராம். மூன்று, பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீம்.

முப்பத்தைந்து வருடம் அரசாணைகளைப் படித்துக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இது கெட்டிக்காரத்தனமான வாசகம். தண்டனை இல்லை, அபராதம் இல்லை. 'முயற்சி செய்' என்கிறது, அவ்வளவுதான். இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒன்றைச் சொல்லாமல், மூன்றைச் சொல்லித் தேர்வை விட்டுவிட்டது. மூன்றில் இரண்டு இனிப்பே இல்லாதவை என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. ஐஸ்கிரீம் எனக்குப் பகை அல்ல. ஆனால் சூடான பையின் தலையில் அதை வைத்தால் இரண்டு நிமிஷத்தில் உருகி அடி மாவை நனைத்துவிடும். மொறுமொறுப்புக்காக மாவைப் பதம் பார்த்துப் பிசைந்தவள் பாடு வீண். அதைவிடப் பெரிய குற்றம், ஒரு முறை மேலே போட்டுவிட்டால் வேண்டாதவரால் எடுக்க முடியாது. தட்டையே தள்ளிவிட வேண்டியதுதான். தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும்.

நம் ஊரில் கிரேம் பிரேஷுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நான் செய்து பார்த்த வழி இது. நல்ல கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி நாலு மணி நேரம் தொங்கவிடுங்கள். தண்ணீர் வடிந்து வெண்ணெய் போல நிற்கும். சர்க்கரை போட வேண்டாம், லேசாக அடித்தால் போதும். ஆப்பிளில் சிவப்பு டெலீஷியஸ் வேண்டாம். சுட்டால் குழைந்துவிடும், புளிப்பும் இல்லை. பெரிய மார்க்கெட்டில் பச்சை ஆப்பிள் கிடைக்கிறது, விலை கூடத்தான், ஆனால் அதுதான் நிற்கும். தயிர் பிடிக்காதவருக்குக் கடையில் விற்கும் செடாரில் ஒரு வில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம்.

தயிர் சேர்த்தால் சர்க்கரை ஏறாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆப்பிளிலும் மாவிலும் இருப்பது இருக்கத்தான் செய்யும். டாக்டரைக் கேட்டோம். எப்போதாவது, ஒரு விரல் அகலம், ஆப்பிளுக்குச் சர்க்கரை சேர்க்காமல், அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம் என்றார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். அக்கா சொன்ன கணக்குதான், ஓரம் கொஞ்சம் கருகிவிட்டது. கிண்ணங்களை மேசையில் வைத்து, "உனக்கு எது?" என்று கேட்டேன். 18 வருடத்தில் இனிப்புப் பண்டத்துக்கு முன்னால் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. ஒரு விரல் அகலத் துண்டை எடுத்து, தயிரைத் தொட்டு, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

"தயிருல ரெண்டு கல்லு உப்பு போட்டிருக்கலாம்" என்றாள்.

அடுத்த முறை போடுகிறேன்.