யாருக்காக இந்த மென்சவ்வு?

2025ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் வேர்ட்டெக்ஸ் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. இன்சுலின் சுரக்கும் கலங்களைத் துளையுள்ள மென்சவ்வாலான உறையொன்றில் அடைத்து நோயாளரின் உடலில் வைக்கும் தனது பரிசோதனை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்றும், அதனை மேற்கொண்டு நடத்தப் போவதில்லை என்றும் அது கூறிற்று. எமது ஆசிரியர் அறையில் இச்செய்தியைப் படித்த நண்பர் ஒருவர், “இது தோற்றுப்போன விஞ்ஞானம், இனி இதைப் பற்றிக் கதைச்சு என்ன பயன்?” என்றார். மற்றொருவர், “வெண்டிருந்தாலும் எங்களுக்கு வந்திருக்கப் போகுதோ?” என்றார். இருவரும் கற்றவர்கள்; கற்பிப்பவர்கள். முன்னவர் கூற்று அறியாமை, பின்னவர் கூற்று சரணாகதி. இரண்டையும் மறுக்கவே இதனை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியவர்கள் அவர்களல்லர். என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து முதலாம் வகை நீரிழிவு. நாளுக்கு நான்கு முறை ஊசி. 2022இல் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டபோது, அவளுடைய தாயார் இன்சுலின் குப்பியை ஈரமணலில் புதைத்த மட்பானைக்குள் வைத்துக் காத்தார். 1990களில் குடாநாடு மின்சாரமின்றி இருண்டு கிடந்த காலத்தில் அம்மம்மா பழகிய உபாயம் அது. அந்தப் பிள்ளைதான் செய்தியறிந்து என்னிடம் வந்து, “சேர், அந்தப் பை எங்களுக்கு எப்ப வரும்?” என்று கேட்டாள்.

கேள்விக்கு விடை காண முன்னர் பொருளை விளங்கிக்கொள்வோம். சதையியில் சிதறிக் கிடக்கும் லங்கர்கான் சிறுதீவுகளே இன்சுலினைச் சுரப்பன. முதலாம் வகை நீரிழிவில் உடலின் காவற்படையே அவற்றை அழித்துவிடுகிறது. புதிய சிறுதீவுகளைக் கொண்டுவந்து வைத்தால் அவற்றையும் அந்நியரென்று கண்டு தாக்குகிறது. 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்ரன் நகர மருத்துவர்கள் ஏழு நோயாளருக்குச் சிறுதீவுகளை மாற்றிவைத்து, அவர்களை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்தனர். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கொடையாளரின் சதையி தேவைப்பட்டது. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தையும் அவர்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. ஊசியை விட்டுத் தொற்றுநோய்க்கும் புற்றுநோய்க்கும் கதவைத் திறந்துவைக்கும் பேரம் இது. பள்ளிப் பிள்ளைக்கு இதனை யார் விதிப்பார்?

இந்தப் பேரத்தைத் தவிர்க்கப் பிறந்ததே மென்சவ்வு. சுன்னாகத்தாருக்குத் துளையுள்ள பொருளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. எம் காலடியிலுள்ள சுண்ணக்கல் மழைநீரை உறிஞ்சிக் கிணற்றுக்குக் கொடுக்கிறது; மின்நிலையத்துக் கழிவெண்ணெயையும் அதே வழியாற் கொடுத்தது. அவ்வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் நட்டஈடு விதித்ததை ஊர் மறக்கவில்லை. கல்லுக்கு நல்லது கெட்டது தெரியாது. மென்சவ்வுக்கோ தெரிந்தெடுப்பதே தொழில். குளுக்கோசின் மூலக்கூற்று நிறை 180. இன்சுலினது ஏறத்தாழ 5,800. பிறபொருளெதிரியினது ஏறத்தாழ 1,50,000. துளையின் அளவைத் தக்கபடி அமைத்தால் சர்க்கரையும் ஒட்சிசனும் உள்ளே போகும். இன்சுலின் வெளியே வரும். கொல்ல வரும் கலங்கள் வாசலில் நின்றுவிடும். 1980இல் லிம், சன் என்னும் இரு ஆய்வாளர் எலியின் சிறுதீவுகளை, பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்று உறையில் அடைத்து, நீரிழிவுற்ற எலிகளுக்கு வைத்து, இரண்டு மூன்று வாரங்கள் சர்க்கரையைச் சீராக வைத்திருந்தனர்.

அப்படியாயின் நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஏன் இழுபடுகிறது? காரணம் மறைபொருளன்று. கலங்களை எட்ட முடியாத உடல் உறையையே பகைத்து, அதனைச் சுற்றி நார்த்திசுவால் மதில் எழுப்புகிறது. உள்ளிருக்கும் கலங்களோ ஒட்சிசனுக்குப் பேராசை கொண்டவை. சதையியின் நிறையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கேயான சிறுதீவுகள், அதற்கு வரும் இரத்தத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கையோ அதற்கு மேலுமோ குடிக்கின்றன. மதிலுக்குள் அவை மூச்சுத் திணறிச் சாகின்றன. ஆக, தவறியது ஒரு பொருளின் அமைப்பு, கொள்கையன்று. அதே 2025 மார்ச் மாதத் தொடக்கத்தில், துளையுள்ள மென்சவ்வுக் குழாயில் உயிர்க்கலங்களை அடைத்துக் கண்ணுள் வைக்கும் சிகிச்சையொன்றை அமெரிக்க அரசின் மருந்துத் திணைக்களம் அங்கீகரித்தது. விழித்திரை நோயொன்றில் பார்வை தேய்வதை மந்தமாக்கும் புரதத்தை அக்கலங்கள் சுரக்கின்றன. கண்ணுக்கு வேண்டியவை சில இலட்சம் கலங்களே. சர்க்கரையை ஆள்வதற்கோ பல கோடிகள் வேண்டும். வேறுபாடு அதுதான். ஒரே மாதத்தில் ஒரு மென்சவ்வு வென்றது, ஒன்று தவறியது. என் நண்பர் தவறியதை மட்டும் ‘விஞ்ஞானம்’ என்கிறார்!

இனிக் கணக்கைப் பார்ப்போம். வேர்ட்டெக்ஸ் நிறுவனம் 2019இல் செம்மா என்னும் நிறுவனத்தை 95 கோடி டொலருக்கும், மென்சவ்வு உறையை 2014 முதல் மனிதரிற் சோதித்து வந்த வயாசைற்று நிறுவனத்தை 2022இல் 32 கோடி டொலருக்கும் வாங்கிற்று. அந்நிறுவனங்கள் விற்ற அறிவு எங்கே முளைத்தது? பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில், மக்களின் வரிப்பணத்திலும் நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் சேர்த்த நன்கொடையிலும். வாங்கியவன் கையில் அது சொத்தாயிற்று. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தோடு உறையின்றி வைக்கும் அதே நிறுவனத்தின் கலங்கள் 2025இல் பன்னிருவரிற் பதின்மரை ஓராண்டின் முடிவில் ஊசியின்றி வாழச் செய்தன. நல்ல செய்தியே. ஆயின் உறைக்குரிய வேலை அங்கு நின்றுவிட்டது. எந்த ஆய்வு தொடரும், எது நிற்கும் என்பதைப் பங்குதாரர் சபை தீர்மானிக்கிறது. ஈரமணலில் குப்பி புதைக்கும் தாய்க்கு அங்கே வாக்கில்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இன்சுலினைக் கண்ட ரொறன்ரோ ஆய்வாளர்கள் 1923இல் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றோ உலக இன்சுலின் சந்தையில் மிகப் பெரும் பங்கு மூன்று நிறுவனங்களின் கையில். எமது அரசாங்க வைத்தியசாலைகளில் அது இலவசமாகக் கிடைக்கிறதெனில், அது அந்த மூவரின் கருணையன்று. இந்நாட்டு மக்கள் பெற்றுக் காத்த இலவச மருத்துவத்தின் பயன்.

இரண்டாம் நண்பருக்கு வருகிறேன். “இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டு வேலை” என்பது அவர் வாதம். கடலுக்கு அப்பால் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைப் பாருங்கள். வலியத்தான் தலைமையில் அங்கே செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்கினர். முதல் மூன்று மாதிரிகளும் தவறின. பங்குச் சந்தையின் பிடியில் இருந்திருந்தால் மூன்றாவதோடு கதவு மூடப்பட்டிருக்கும். நான்காவது நின்றது; 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது; பின்னர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு. செய்து விற்றது ஒரு தனியார் நிறுவனம்தான், மறைக்கவில்லை; ஆயினும் இறக்குமதி வால்வை எண்ணிப் பார்க்கவும் இயலாதவர் நெஞ்சில் அது துடித்தது. அதே நிறுவனத்தாரும் புனே நகரின் தேசிய உயிர்க்கல விஞ்ஞான நிலையத்தாரும் சேர்ந்து, சிறுதீவுகளைக் காக்கும் பொலியூரேதேன் மென்சவ்வுகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டிருக்கிறார்கள். எலிச் சிறுதீவுகளோடு செய்த தொடக்க வேலைதான். ஆனால் தொடங்கியவர்கள் வெள்ளைக்காரர் அல்லர்.

இன்னொன்று. அல்ஜினேற்றுக்குரிய பழுப்புப் பாசியை இராமநாதபுரக் கரையில் ஏழைப் பெண்கள் மூழ்கி எடுக்கிறார்கள். விரல்களிற் கந்தைத் துணி சுற்றியிருக்கும். அவர்கள் எடுப்பது பெரும்பாலும் துணிச்சாயத்துக்கும் உணவுத் தொழிலுக்கும் போகிறதேயன்றி மருத்துவக் கூடத்துக்கன்று. அதற்கு மிகத் தூய்மையான அல்ஜினேற்று வேண்டும். அந்தத் தூய்மைதான் இன்று விலையாகிறது. தூய்மையாக்குவது இரசாயனம், இரசாயனம் எமது பிள்ளைகள் உயர்தரத்திற் படிக்கும் பாடம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது. பாக்குநீரிணை வாசலில் இருக்கிறது. நாளைக்கே சதையியைச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாசியிலிருந்து தூய அல்ஜினேற்றைப் பிரித்தெடுக்க ஒரு கூடம், திருவனந்தபுரத்தில் ஈராண்டு பயில இரு மாணவர், கிடைக்கும் பெறுபேற்றைத் தவறியதென்றாலும் மறைக்காது வெளியிடும் உறுதி; இவ்வளவே கேட்கிறேன். “முதலில் இன்சுலின் தடையின்றிக் கிடைக்கட்டும்” என்பாருக்கு: இரண்டையும் ஒரே குரலிற் கேளுங்கள். ஊசிக்காகக் கேட்பவன் உறைக்காகக் கேட்கக் கூடாதென்று யார் சட்டம் இயற்றினார்?

பணமா? இவ்வூர்க் கோபுரங்களுக்கு வர்ணம் தீட்ட ரொறன்ரோவிலிருந்து எம்மவர் பணம் அனுப்புகிறார்கள். இன்சுலினைக் கண்டவர்கள் அந்நகரத்தார் என்பதையும், கடற்பாசி உறையைச் செய்த இருவரில் சன் அங்கேயே பணியாற்றியவர் என்பதையும் அவர்களுக்கு எழுதுவோம். முதற் கடிதத்தை என் மாணவி எழுதிவிட்டாள், முகவரிகள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.