பாரதி பாட்டுக்கு மறுபடியும் பூட்டு

பாரதியின் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 1949-இல் முடிந்துவிட்டதாக நம்புகிறவர்கள், பிள்ளைகள் பாடிய பாரதி பாட்டு ஒன்றை இணையத்தில் ஏற்றிப் பார்க்கட்டும். லண்டன் தமிழ்ப் பள்ளியொன்று தன் ஆண்டு விழாக் காணொளியை ஏற்றியது. பாட்டு ‘ஆடுவோமே’. பாடியவர்கள் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். பக்கத்தில் ஓர் ஆர்மோனியம். மறுநாளே உரிமைக் கோரல் வந்தது. கோரியவர், பழைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட ஏதோவொரு விநியோகஸ்தர். நிர்வாகக் குழு கூடி, ‘எதற்கு வீண் வம்பு’ என்று காணொளியை அழித்துவிட்டது.

அந்த அழிப்பு தவறு. ஏன் தவறு என்பதற்கு இந்தப் பாட்டின் ஒலிப்பதிவு வரலாறே சாட்சி.

பாரதி 1921-இல் காலமானார். அவர் எழுத்தின் பதிப்புரிமை ஒரு பக்கம் போக, இசைத்தட்டு உரிமை தனியாக விற்கப்பட்டு, சுராஜ்மல் அன்ட் சன்ஸ் என்ற வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. 1946-இல் அதை ஏ.வி. மெய்யப்பன் வாங்கினார். அவரே ஓடியன் இசைத்தட்டு முகவராகத் தொழிலில் நுழைந்தவர். தட்டின் மதிப்பு அவருக்குத் தெரியும். 1947 ஜனவரியில் வந்த ‘நாம் இருவர்’ படத்தில், ஆர். சுதர்சனத்தின் இசையமைப்பில் டி.கே. பட்டம்மாள் இந்தப் பாட்டைப் பாடினார். நாடு விடுதலை அடையும் முன்பே விடுதலை அடைந்துவிட்டதாகக் கூத்தாடிய பாட்டு, விடுதலைக்கு ஏழு மாதம் முன்பு வீதிக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் சென்னை வானொலியிலும் பட்டம்மாள் அதைப் பாடினார்.

அடுத்த ஆண்டு டி.கே. சண்முகம் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார். மெய்யப்பன் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. மகாகவி ஒரு தனியாளின் சொத்தா என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கொதித்தார்கள். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதியின் எழுத்தை ஏற்றுக்கொண்டது. மெய்யப்பன் பணம் வாங்காமல் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். பின்னர் அரசும் அதைப் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. வணிகர் ஒருவர் விட்டுக்கொடுத்ததை இன்று இயந்திரம் ஒன்று பிடுங்குகிறது.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது என் தொழில் சார்ந்த விஷயம். ஏற்றப்படும் ஒலியை அது ஒரு கைரேகை போலச் சுருக்கி, தன்னிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிடும். மெட்டு ஒத்துப்போனாலும் மணி அடிக்கும். மாதிரியைக் கொடுத்தவர் உண்மையான உரிமையாளர்தானா என்று அதற்குத் தெரியாது. 1921-உம் தெரியாது, 1949-உம் தெரியாது. முதலில் பதிந்தவனே சொந்தக்காரன்.

ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, பாடல் வரி: அது எல்லோருக்கும் பொது. இரண்டு, ஒலிப்பதிவு: 1947-இன் இசைத்தட்டுக்குப் பிரித்தானியாவில் 50 ஆண்டுக் காலம் 1997-ஓடு முடிந்தது, இந்தியாவின் 60 ஆண்டுக் காலம் 2007-ஓடு முடிந்தது. தவிர, பிள்ளைகள் எந்தத் தட்டையும் ஒலிக்கவிடவில்லை, தாங்களே பாடினார்கள். மூன்று, மெட்டு. சுதர்சனம் 1991-இல் காலமானார். இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் என்ற இந்நாட்டுக் கணக்கில் அந்த உரிமை இன்னும் உயிரோடிருக்கிறது. மெட்டின் உரிமையாளர் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் வந்த கோரல் மெட்டுக்கு அல்ல, ஒலிப்பதிவுக்கு.

கலைஞர்களின் வயிற்றில் அடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, அதைக் கோரியவரிடம் கேளுங்கள். அந்த அறிவித்தலில் பட்டம்மாள் பெயர் இல்லை. சுதர்சனம் பெயர் இல்லை. பாடலாசிரியர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. பெயரைக்கூடச் சொல்லாதவர் பணத்தை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்?

என் கோபம் இயந்திரத்தின் மீது பாதிதான். மீதி நம் மீது. மறுப்புத் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பப் பத்து நிமிடம் ஆகும். வரியை எழுதியவர் 1921-இல் மறைந்தார், பாடியவர்கள் எங்கள் பிள்ளைகள், மெட்டுக்கு உரிமை உண்டென்றால் ஆவணத்தைக் காட்டுங்கள் என்று மூன்று வாக்கியம் எழுதினால் போதும். பாரதி விழா என்றால் மண்டபம் பிடித்து, பொன்னாடை போர்த்தி, நான்கு மணி நேரம் பேச நமக்கு நேரம் இருக்கிறது. இந்த மூன்று வாக்கியத்துக்கு இல்லை.

நாம் பயந்து அழிக்கும் ஒவ்வொரு காணொளியும் தவறான கோரலுக்கு நாமே வைக்கும் கைநாட்டு. இங்கே பிறந்த பிள்ளைக்குப் பாரதியைக் கற்றுக்கொடுத்துவிட்டு, பாடியது குற்றம் என்றும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டாம். அழித்ததை மறுபடி ஏற்றுங்கள். கோரல் வந்தால் மறுப்பு எழுதுங்கள்.