பூர்வோத்தரம் என்ன?

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. அதன் கழுத்தோரத்தில் என் பாட்டியின் பெயரும் அவள் பிறந்த ஊரின் பெயரும் வெட்டியிருக்கும். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுக்கிற வழக்கம் அந்த நாளில் கிடையாது. கல்யாணச் சந்தடியில் தவலை கைமாறிப் போனாலும், "இது எங்களுடையது!" என்று தைரியமாய் மீட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

பழைய பாத்திரக் கடைகளிலோ சில சமயம் வேறொரு காட்சியைக் காண்கிறோம். பாத்திரத்தின் கழுத்தில் ஓரிடம் மட்டும் அரத்தால் ராவியதுபோல் வழவழவென்று இருக்கும். "இங்கே ஏதோ எழுத்து இருந்தாற்போலிருக்கிறதே?" என்று கேட்டால், "பழைய சாமான் ஸார், தேய்ந்து போயிருக்கும்" என்பார் கடைக்காரர். தானாகத் தேய்ந்ததா, யாரேனும் தேய்த்ததா என்பது அவருக்கும், அவரிடம் அதை விற்றவனுக்குமே வெளிச்சம்.

இந்தத் தவலை விவகாரந்தான் இன்று உலகத்தின் பெரிய பொருட்காட்சி சாலைகளையெல்லாம் கலக்கிக்கொண்டிருக்கிறது என்றால் நேயர்கள் நம்புவார்களா?

எழும்பூர் மியூஸியத்துக்குச் சென்னைவாசிகள் ஒரு காலத்தில் "செத்த காலேஜ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே இருப்பதெல்லாம் உயிரற்ற பொருள்கள் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் உயிரற்ற அந்தப் பொருள்களுக்கும் பிறந்த ஊர் உண்டு. வளர்ந்த வீடு உண்டு. பெண் கொடுக்கும் வீட்டார் பிள்ளையின் பூர்வோத்தரத்தை விசாரிப்பதுபோல், ஒவ்வொரு பொருளின் பூர்வோத்தரத்தையும் விசாரிப்பது கியூரேட்டர் என்னும் காப்பாளரின் கடமை. யார் செய்தது? எந்த ஊரில் இருந்தது? யார் யார் கைக்கு மாறியது? எந்த வருஷத்தில், எந்தத் தஸ்தாவேஜின் பேரில் கடல் கடந்தது? கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை அழகாக வைத்து விளக்குப் போடுவதை விட இந்த விசாரணை எவ்வளவோ கடினமான வேலை.

அதைச் சரியாகச் செய்தால் என்ன விளையும் என்பதற்கு ஓர் உதாரணம். கும்பகோணத்துக்கு அருகில் உள்ள சிவபுரத்தில் 1951-ஆம் ஆண்டில் பூமிக்குள்ளிருந்து சோழர் காலத்து நடராஜர் ஒருவர் வெளிப்பட்டார். சில ஆண்டுகளில் அவரைப் பழுது பார்ப்பதற்காக வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்தவரைக் கோயிலில் எழுந்தருளச் செய்து தீபாராதனையும் காட்டினார்கள். பிரிட்டிஷ் மியூஸியத்தில் பணியாற்றிய டக்ளஸ் பாரெட் என்னும் அறிஞர், முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1965-இல் வெளியிட்ட நூலில், கோயிலில் இருப்பது புதிதாக வார்த்த நகல் என்று எழுதிவிட்டார். அசல் மூர்த்தி பல கை மாறி 1973-இல் நார்ட்டன் ஸைமன் என்னும் அமெரிக்கக் கோடீசுவரரிடம் போய்ச் சேர்ந்தார். விலை 9 லட்சம் டாலர்! வழக்கு நடந்து, 1976-இல் சமரசம் ஏற்பட்டு, மேலும் பத்து ஆண்டுகள் அங்கே தங்கிவிட்டு, 1986-இல்தான் சுவாமி தாயகம் திரும்பினார்.

பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவருடைய கண்ணுக்குப் பட்ட வித்தியாசம் நம்முடைய கண்ணுக்குப் படவில்லை! இதில் அவரைப் பாராட்டுவதா, நம்மை நொந்துகொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்வதே நியாயம் என்று தோன்றுகிறது.

விசாரணையைச் சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? அரியலூர் ஜில்லாவில் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு சிற்றூர். அவ்வூர்ச் சிவாலயம் பூட்டிக் கிடந்த காலத்தில் உள்ளேயிருந்த நடராஜர் களவு போனார். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் நியூயார்க் வியாபாரி ஒருவரிடமிருந்து அவரைச் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பூர்வோத்தரம் கேட்காமலா வாங்கினார்கள்? கேட்டார்கள். வியாபாரி ஒரு கதையும் சில காகிதங்களும் வைத்திருந்தார். சூடான் தேசத்து ராஜதந்திரி ஒருவர் டில்லியில் இருந்த நாளில் அதை வாங்கியதாகவும், அவருடைய மனைவியிடமிருந்து தமக்கு வந்ததாகவும் சொன்னார். புராதனப் பொருள்களை நாடு கடத்துவதைக் கடுமையாகத் தடுக்கும் இந்தியச் சட்டம் 1972-இல் பிறந்தது. சிலை அதற்கு முன்பே வெளியேறிவிட்டது என்று காட்டுவதுதான் கதையின் நோக்கம். காகிதத்தைப் பார்த்தவர்கள், அதை எழுதிய கையைப் பார்க்கவில்லை.

அந்தப் பொய்யைத் தகர்த்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார், மறு ஆண்டிலிருந்தே நம் கோயில்களுக்குச் சென்று தூண், கோபுரம், மூர்த்தி எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. 1994-இல் ஸ்ரீபுரந்தான் கோயிலிலேயே இருந்த மூர்த்தி, 1972-க்கு முன் எப்படிக் கடல் கடந்திருக்க முடியும்? கைவார்ப்பில் உருவான திருமேனிகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. திருவாசியில் ஒடிந்த சுடர், பீடத்தில் ஒரு வடு, தேய்ந்த விரல் நுனி - இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே அந்த நடராஜரையும், சிட்னி கலைக்கூடத்திலிருந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரையும் டில்லிக்குக் கொணர்ந்து ஒப்படைத்தார். கான்பெரா கலைக்கூடத்தார் அத்துடன் நிற்காமல் தங்கள் சேகரம் முழுவதையும் துருவி ஆராய்ந்து, மேலும் 14 பொருள்களைத் திருப்பித் தருவதாக 2021-இல் அறிவித்தார்கள்.

திருமங்கையாழ்வாரின் கதை இதைவிட ரஸமானது. மணக்கோலத்தில் வந்த பெருமாளையே வழிமறித்துப் பறித்தவர் அவர் என்பது ஐதிகம். அப்படிப்பட்டவரையே நம்மவர் யாரோ பறித்து விற்றுவிட்டார்கள்! தமிழ்நாட்டுப் பெருமாள் கோயில் ஒன்றில் இருந்த அவருடைய திருவுருவம், ஆக்ஸ்போர்டிலுள்ள ஆஷ்மோலியன் மியூஸியத்துக்கு 1967-இல் லண்டன் ஏலத்தின் மூலம் வந்து சேர்ந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 2019-இல் ஓர் ஆராய்ச்சியாளர், புதுச்சேரிப் படங்களில் 1957-இல் எடுத்த ஒன்றில் அதே ஆழ்வாரைக் கண்டு சொன்னார். மியூஸியத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? "கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாளாவிருக்கவில்லை. தாமே இந்திய ஹைகமிஷனுக்கு எழுதித் தெரிவித்தார்கள். 2024-இல் பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பித் தர இசைந்தது. தன் கையிலிருக்கும் பொருளுக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். அது எவரிடத்தில் இருந்தாலும் போற்ற வேண்டியதுதான்.

நிற்க. வெளிநாட்டார் பூர்வோத்தரம் விசாரிக்கட்டும். அது அவர்கள் தர்மம். நம் தர்மம் என்ன? அவர்கள் எவ்வளவு நேர்மையுடன் விசாரித்தாலும், "இது எங்கள் ஊருடையது" என்று சொல்வதற்கு இங்கே ஒரு சாட்சி இருந்தாக வேண்டும். புதுச்சேரியில் அந்தப் படங்கள் இல்லாதிருந்தால் ஸ்ரீபுரந்தான் நடராஜர் இன்றும் சூடான் ராஜதந்திரியின் சொத்தாகவே கணக்கில் இருந்திருப்பார். படம் எடுக்கப்படாத கோயில்களிலிருந்து போனவர்களின் கதி என்ன? அவர்கள் ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டியில், "தென் இந்தியா, சோழர் காலம்" என்ற ஒற்றைச் சீட்டுடன் நின்றுகொண்டிருப்பார்கள். ஊர்ப்பெயர் ராவப்பட்ட தவலைக்கும் அவர்களுக்கும் வித்தியாசமில்லை.

மீண்டு வந்தவர்களிலும் பலர் தங்கள் சந்நிதிக்குத் திரும்பவில்லை. பூட்டும் காவலுமில்லாத கோயிலில் மறுபடி வைக்க அஞ்சி, திருவாரூர் போன்ற இடங்களிலுள்ள பாதுகாப்பு மையங்களில் வைத்திருக்கிறார்கள். அங்கே திருட்டுப் பயம் குறைவு, திருவிழாவும் இல்லை. இந்தக் குறைக்கு எந்த மியூஸியத்தையும் பழி சொல்ல முடியாது. ஊரார் போக்குவரத்து இல்லாத கோயிலில்தான் கள்வன் துணிந்து நுழைகிறான்.

இனி விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் நேயர்கள் ஒன்று செய்யலாம். குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஊர்க் கோயிலுக்குப் போங்கள். உற்சவ மூர்த்திகள் எத்தனை, அவர்கள் பெயர் என்ன, பீடத்தில் எழுத்து ஏதேனும் உண்டா என்று குருக்களையோ பட்டரையோ கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோயிலின் சொத்துப் பதிவேட்டில் அத்தனை பேரும் இருக்கிறார்களா, ஒவ்வொருவருக்கும் தெளிவான படம் இருக்கிறதா என்று நிர்வாகத்தாரிடம் விசாரியுங்கள். முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

இதை எழுதி முடித்ததும் எனக்கே ஒரு வெட்கம் வந்துவிட்டது. எங்கள் பாட்டியின் தவலையில் இருக்கும் ஊர்ப்பெயர் எனக்கு மனப்பாடம். அந்த ஊர்க் கோயிலில் உற்சவர் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அடுத்த மாதம் அந்த ஊருக்குப் போவதாக உத்தேசம்.